அமைச்சரிடம் எண் கேட்பது எப்படி: கூட்டத்தொடருக்கு முந்தைய குறிப்புகள்

8 செப்டம்பர் 2025, திங்கள். கோலாலம்பூர்

அக்டோபர் கூட்டத்தொடரில் எங்கள் மக்களவை உறுப்பினர் அமைச்சர்களிடம் கேட்கவிருக்கும் கேள்விகளின் வரைவுகள் மேசையில் சேர்ந்துவிட்டன. தொகுதி மக்கள் அதிகம் பேசுவது குப்பை, மின்கட்டணம், பிரசவம் பற்றித்தான். 10 அக்டோபர் அன்று வரவு செலவுத் திட்டம் வருகிறது. அதன்பின் அவையின் கவனமெல்லாம் அதன் பக்கம் போய்விடும். அதற்குள் கேள்விகள் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

மக்களவையில் கேள்வி நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கி 11.30-க்கு முடிகிறது. செவ்வாயும் வியாழனும் முதல் அரை மணி நேரம் அமைச்சர் கேள்வி நேரத்துக்குப் போய்விடும். வரிசையில் பின்னால் விழுந்த கேள்விக்கு வாய்மொழிப் பதில் கிடைக்காது, எழுத்தில்தான் வரும். ஆகவே பதிலைத் தொடர்ந்து எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில் மடக்கிக்கொள்ளலாம் என்று நம்பி எழுதக் கூடாது. தாளில் இருக்கும் வாசகமே தனியாக நின்று பதிலை வாங்க வேண்டும்.

முதல் வரைவு இப்படி இருந்தது: "மறுசுழற்சி விகிதத்தை உயர்த்த அரசாங்கம் எடுத்துவரும் நடவடிக்கைகள் என்ன?" இதற்கு விழிப்புணர்வு இயக்கம், பள்ளிப் போட்டி, புதிய செயலி என்று இரண்டு பக்கம் பதில் வரும். அவைப் பதிவேடான ஹன்சார்ட் தடிக்கும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

மாற்றியது: "2019 முதல் ஆண்டுவாரியாக, மறுசுழற்சிக்குச் சென்ற கழிவு எத்தனை டன்? உருவான மொத்தக் கழிவு எத்தனை டன்? இரண்டிலும் வீடுகளின் பங்கு எவ்வளவு? மாநிலவாரியாகத் தருக." சதவீதத்தை மட்டும் கேட்டால் மேலே உள்ள எண் உயர்ந்ததா, கீழே உள்ள எண் குறைந்ததா என்று தெரியாது. தொழிற்சாலை தன் அட்டைப்பெட்டியை வியாபாரிக்கு விற்பதும், வீட்டுக்காரர் போத்தலைக் கழுவிப் பிரித்து வைப்பதும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எந்தக் கொள்கை வேலை செய்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. 2025-க்குள் 40 விழுக்காடு என்பது இலக்கு. அந்த 40-க்குள் எது அடங்குகிறது என்று கேட்பதற்கு இதுதான் நேரம்.

9 செப்டம்பர், செவ்வாய்

குப்பை விஷயத்தில் சட்டத்தின் எல்லையை முதலில் பார்க்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் (சட்டம் 672) 1 செப்டம்பர் 2011 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் நடப்புக்கு வந்தது. பினாங்கு அதில் சேரவில்லை. அங்கே குப்பையைப் பிரிக்கும் கொள்கையை மாநில அரசு 2016 ஜூனில் தனியாகத் தொடங்கியது. பினாங்கின் அபராத எண்ணிக்கையை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சரிடம் கேட்டால் "மாநிலத்தின் அதிகாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அது லைட் ஸ்திரீட்டில் உள்ள பினாங்குச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியது.

கோலாலம்பூருக்கு வருவோம். பிரித்து வைப்பது 1 செப்டம்பர் 2015 முதல் கட்டாயம், அபராதம் 1 ஜூன் 2016 முதல். வாரம் இரண்டு நாள் மக்கும் குப்பையும் மிச்சமும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும் எடுக்கிறார்கள். தரைவீட்டில் இது ஓரளவு நடக்கிறது. அடுக்குமாடியில்தான் சிக்கல். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு பிளாட்டில் பத்தாவது மாடிக்காரர் பிரித்துக் கட்டிக் கொண்டுவந்த பை, கீழே ஒரே பெரிய தொட்டியில் மற்றதோடு விழுகிறது. தொட்டி வைப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. பராமரிப்புக் கட்டணம் பாதிக்கு மேல் நிலுவையில் கிடக்கும் பிளாட்டில் இரண்டாவது தொட்டிக்குப் பணம் ஏது? ஆகவே கேள்வியில் "தரைவீடு, அடுக்குமாடி எனத் தனித்தனியாக" என்ற சொற்களைச் சேர்த்தாயிற்று.

பிரித்தது எல்லாம் மறுசுழற்சி ஆவதுமில்லை. குழம்பு பட்ட காகிதத்தைக் காகித ஆலை எடுக்காது. கண்ணாடி, அழுத்தும் லாரியில் நொறுங்கி மற்றப் பொருளில் கலந்துவிடும். தாப்பாவ், அதாவது உணவைக் கட்டி வாங்கிப் போகும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் கரிநிறமி இருப்பதால், தரம் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிர் திரும்பி வராது. இயந்திரத்துக்கு அந்த டப்பா கண்ணிலேயே படாது. எனவே "சேகரித்தது எத்தனை டன், அதில் தரம் பிரித்தபின் நிராகரித்தது எத்தனை டன்" என்ற வரியும் வேண்டும்.

இறக்குமதிப் பிளாஸ்டிக் கழிவு தனிக் கேள்வி. 1 ஜூலை 2025 முதல் 3915 என்ற சுங்கக் குறியீட்டில் வரும் பிளாஸ்டிக் கழிவு, நாடு விட்டு நாடு போகும் கழிவைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்த நாடுகளிலிருந்து மட்டுமே வரலாம். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. "எத்தனை உரிமம் கொடுத்தீர்கள்" என்பது பயனற்ற கேள்வி. கழிவை மூலப்பொருள் என்று வேறு குறியீட்டில் பதிந்து கொண்டுவந்து பிடிபட்ட கொள்கலன்கள் எத்தனை, எந்தத் துறைமுகத்தில், எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன என்று கேட்க வேண்டும்.

11 செப்டம்பர், வியாழன்

மின்கட்டணம். ஜூலை முதல் தேதி வந்த புதிய அட்டவணையை வரிவரியாகப் பார்த்தோம். 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு உற்பத்தி 27.03 சென், கொள்ளளவு 4.55 சென், வலையமைப்பு 12.85 சென். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். 600 யூனிட் வரை சில்லறை விற்பனைக் கட்டணமான 10 ரிங்கிட் இல்லை, மாதாந்தர எரிபொருள் சரிக்கட்டலும் இல்லை. சிக்கனச் சலுகை 600-இல் யூனிட்டுக்கு 9 சென், 601-இல் 7.5 சென். இந்தச் சலுகை முழுப் பயன்பாட்டுக்கும் கணக்கிடப்படுகிறது.

600 யூனிட்: 266.58, சலுகை 54.00, ஆக 212.58 ரிங்கிட். 601 யூனிட்: 267.02, சலுகை 45.08, கூட்டு 10, ஆக 231.94 ரிங்கிட். ஒரே யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல் ஏறுகிறது. எரிபொருள் சரிக்கட்டலும் வரியும் இதில் சேரவில்லை. தாத்தா பாட்டியோடு ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கும், தனியாளாக இருப்பவர் வீட்டுக்கும் அதே 600 தான் கோடு. "பெரும்பாலான பயனீட்டாளர்களுக்குப் பாதிப்பில்லை" என்ற பதில் மீட்டர்களை எண்ணுகிறது, மனிதர்களை எண்ணவில்லை. கேள்வி: 601 முதல் 700 யூனிட்டுக்குள் வரும் வீட்டுக் கணக்குகள் மாதவாரியாக எத்தனை? குடும்ப அளவைக் கணக்கில் எடுக்கும் திட்டம் உண்டா?

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பற்றி ஒரு திருத்தம் மட்டும். 2050-க்குள் 70 விழுக்காடு என்ற இலக்கு நிறுவப்பட்ட திறனைக் குறிக்கிறது, அதாவது நிலையங்கள் உச்சமாக உற்பத்தி செய்யக்கூடிய அளவை. சூரியத் தகடு இரவில் உற்பத்தி செய்யாது, ஆகவே உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் அதன் பங்கு கணிசமாகக் குறைவு. இரண்டு எண்ணையும் கேட்டாயிற்று.

15 செப்டம்பர், திங்கள்

பேறுகாலம் பற்றிய கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டியதாயிற்று. விடுப்பு மனிதவள அமைச்சு, தாய்சேய் நலம் சுகாதார அமைச்சு. ஒன்றாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

1 ஜனவரி 2023 முதல் தீபகற்பத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கணவருக்கு 7 நாள். நல்ல மாற்றம், ஆனால் 98 நாள் சம்பளமும் முதலாளியின் பையிலிருந்தே போகிறது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் ஒப்பந்தம் இந்தச் செலவைச் சமூகக் காப்புறுதியோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. மலேசியா அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் இளம்பெண்ணை எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்க்கேசோ வழியாக இதைச் செலுத்தும் ஆய்வு நடந்ததா, நடந்தால் முடிவு என்ன என்பது முதல் பகுதி.

கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது, வேறு காரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளிக்கே. ஆனால் ஒப்பந்த ஊழியருக்கு "புதுப்பிக்கவில்லை" என்று ஒரு கடிதம் போதும். அது நீக்கம் என்று பதிவாவதில்லை. அதனால் "புகார்கள் எத்தனை" என்பதோடு "அவற்றில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவை எத்தனை" என்று சேர்த்தோம்.

17 செப்டம்பர், புதன்

சுகாதாரப் பகுதி. கிளினிக்கில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்புப் பரிசோதனைப் புத்தகத்தில் ஆபத்துநிலையை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறார்கள். இது நல்ல முறை. பிரசவத்துக்குப் பின் தாதி வீட்டுக்கு வந்து தாயின் ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டும். நம் பெண்களுக்கு இங்கேதான் இழை அறுகிறது. கோலாலம்பூரில் பெயர் பதிந்தவள், பிள்ளை பெற்றதும் சுங்கைப்பட்டாணிக்கோ தெலுக் இந்தானுக்கோ தாய்வீடு போகிறாள். அந்த முகவரி அங்குள்ள கிளினிக்குக்குப் போய்ச் சேராவிட்டால் தாதி பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார். ரத்தக் கொதிப்பும் கிருமித் தொற்றும் காத்திருப்பதில்லை.

கேள்வி: திட்டமிட்ட வீட்டு வருகைகளில் உரிய நாளில் முடிந்தவை எத்தனை விழுக்காடு, மாநிலம் மாறிய தாய்மார்களுக்குத் தனியாக எத்தனை? 2021-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 68.2 என்று ஏறிய தாய் இறப்பு விகிதத்தில் கோவிட் தவிர்த்த காரணங்கள் எவை? மருத்துவமனைகள் எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை, கட்டடத்தைப் பற்றிய பதில் நமக்கு வேண்டாம்.

19 செப்டம்பர், வெள்ளி

இறுதிப் படிகள். கருத்து, குற்றச்சாட்டு, அனுமானம் உள்ள சொற்களை நீக்கினோம், அவை இருந்தால் கேள்வியே தள்ளுபடியாகும். ஒய்.பி. (எங்கள் மக்களவை உறுப்பினர்) கையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாள்: இடப்பக்கம் நாம் கேட்ட எண்கள், வலப்பக்கம் காலி. பதில் வாசிக்கப்படும்போது வலப்பக்கம் நிரப்ப வேண்டும். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ அதுவே துணைக் கேள்வி. எழுத்தில் வந்தாலும் அப்படியே: கேட்ட ஆண்டுகள் எல்லாம் உண்டா, மாநிலவாரி உண்டா, ஒரே அலகில் உண்டா என்று பார்த்து, விடுபட்டதை மக்களவையின் துணை அமர்வான சிறப்பு அவைக்கு எழுதிக் கொடுப்பது. அந்த மனுவின் மாதிரியை இன்று மாலையே தட்டச்சு செய்தாயிற்று.