மோட்டாரின் மீது பழி போடுமுன்

சென்ற ஆண்டு ஆடி மழையில் லிந்துலையைக் கடந்து தலவாக்கலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்கண்ணாடியில் படிந்த ஆவி கலையட்டும் என்று சாரதிப் பக்கத்து ஷட்டரை, அதாவது மோட்டாரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடியை, சுவிட்சை அழுத்திச் சற்றே இறக்கினேன். இறங்கிய கண்ணாடி மீண்டும் ஏறவில்லை. சொப்பிங் பை ஒன்றைக் கிழித்துக் கதவில் செருகிக்கொண்டு, வலது தோள் முழுவதும் நனைந்த நிலையில் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பார்த்த கராஜில் எதையும் சோதிக்காமலேயே மோட்டார் போய்விட்டது என்றார்கள். கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து ரீகண்டிஷன் மோட்டார் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார்கள். மூன்று நாட்கள் ஓடிய ஷட்டர் நான்காம் நாள் மறுபடியும் நின்றது. அதன் பிறகுதான் ஹட்டனில் வயரிங் வேலை மட்டும் செய்யும் முதியவர் ஒருவரிடம் போனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. என்னைச் சுவிட்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகத் திறந்து மூடினார். கதவு பாதி திறந்த ஒரு கோணத்தில் கண்ணாடி திடீரென்று ஒரு சாண் ஏறி நின்றது. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி, வயர்தான் உள்ளுக்க அறுந்திருக்கு" என்றார்.

கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மடிப்பு மடிப்பான இறப்பர் குழாய் ஒன்று இருக்கிறது. கதவுக்குச் செல்லும் வயர்கள் அனைத்தும் அதற்குள்தான் போகின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை வளைந்து நிமிர்வதால், வெளியுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்புக் கம்பி முறிந்துவிடுகிறது. எனது வயரை அவர் இழுத்துக் காட்டியபோது, முறிந்த முனை பச்சை பூத்திருந்தது. அதிகம் திறக்கப்படுவது சாரதியின் கதவு என்பதால், இந்தக் கோளாறு பெரும்பாலும் அங்குதான் முதலில் தலைகாட்டும்.

அன்றிலிருந்து, கதவைக் கழற்றுவதற்கு முன் காதைக் கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். சுவிட்சை அழுத்தும்போது மோட்டார் உறுமியும் கண்ணாடி அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியைக் கொண்டு கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரில்தான் குற்றம்: மெல்லிய இரும்புக் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். சத்தமே இல்லாமல், உள்விளக்கு மட்டும் சற்று மங்கினால், மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஏதோ ஒன்று இறுகிக் கிடக்கிறது என்று பொருள். விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் பியூஸ், சுவிட்ச், வயர் என்ற வரிசையில் தேடலாம். பியூஸ் அடிக்கடி எரிகிறது என்பதற்காக 20 அம்பியர் இருந்த இடத்தில் 30 அம்பியரைச் செருகுவது, வயருக்கே தீ வைப்பதற்குச் சமம்.

நம் மலைநாட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஈரம். கண்ணாடியோரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்காகவே கதவின் அடியில் சிறு துவாரங்கள் உள்ளன. பைன் ஊசிகளும் சேறும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கி, மோட்டாரும் ரெகுலேட்டரும் துருப்பிடிக்கும். எனது கதவின் அடியில் ஒரு குச்சியை விட்டுக் கிண்டியபோது, அரைக் கோப்பை அளவு கறுப்புத் தண்ணீர் வடிந்தது. உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பாருங்கள். முன்பு கழற்றியவர் அதைக் கிழித்தெறிந்திருந்தால், உள்ளே இறங்கும் மழைநீர் சுவிட்ச் வரை தெறிக்கும்.

கண்ணாடி ஓடும் இறப்பர் பள்ளம் அழுக்கேறி இறுகினாலும் ஷட்டர் திணறும். அந்த நிலையில் சுவிட்சை விடாமல் அழுத்தினால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில நிமிடங்கள் ஆறினால் தானாகவே மீண்டும் இயங்கும். இதைக் கண்டுதான் பலர் நல்ல மோட்டாரை மாற்றுகிறார்கள். பள்ளத்தைத் துடைத்துச் சிலிக்கன் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் போதும். கிரீஸ் பூச வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைக்கும்.

பின் ஷட்டர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், முதலில் சாரதிக் கதவிலுள்ள, மற்ற ஷட்டர்களை இயங்காமல் பூட்டும் பொத்தானைப் பார்ப்பது நல்லது. என் மைத்துனர் ஒருமுறை கராஜ் வரை போய், மகன் அழுத்திவிட்டிருந்த அந்தப் பொத்தானை விடுவித்துக்கொண்டு திரும்பினார். பெட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஒரே தட்டில் ஏறி இறங்கும் வசதி மட்டும் நின்றிருந்தால், பல வண்டிகளில் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டுச் சுவிட்சை மேலும் சில நொடிகள் பிடித்திருந்தாலே சரியாகிவிடும்.

கழற்றிய எனது பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். வீட்டில் 12 வோல்ட் பெட்டரியில் தொடுத்துப் பார்த்தபோது உடனே சுழன்றது. வயர்களை இடம் மாற்றித் தொடுத்ததும் மறுபக்கமாகச் சுழன்றது.