சாய்ந்து கிடந்த கோப்பை

தொழில்துறை வடிவமைப்பைக் கற்கத் தொடங்கியபோது, வரைதலைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய சிரமம் எதுவும் இருக்காது என்று நம்பியிருந்தேன். முகங்களையும் மரங்களையும் வரைந்து பாராட்டு வாங்கிய கை அல்லவா? மேசைமேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் ஒரு கோப்பையை, எதையும் பார்க்காமல் வரையச் சொன்ன அன்றே அந்த நம்பிக்கை கலைந்தது. நான் வரைந்த கோப்பையின் வாய் அதன் உடலோடு ஒட்டாமல், யாரோ கோணலாக அறுத்தெடுத்த குழாயைப் போலிருந்தது. பிழை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

வாய் நேராக நிற்க வேண்டும் என்று எண்ணி, வாயாக வரைந்த நீள்வட்டத்தின் நெட்டச்சை, அதாவது அதன் நீளமான அச்சை, நான் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். புதிதாக வரைபவர்கள் வண்டிச் சக்கரத்திலும் இதே தவற்றைச் செய்கிறார்கள். கோப்பையின் நடுவே நீளவாக்கில் ஒரு கம்பியைச் செருகியிருப்பதாக எண்ணிக்கொண்டால் விடை கிடைத்துவிடும். தாளில் அந்தக் கம்பி எந்தப் பக்கம் சாய்ந்து செல்கிறதோ, வாயாகத் தெரியும் நீள்வட்டத்தின் குட்டையான அச்சாகிய குற்றச்சும் அந்தப் பக்கமே செல்ல வேண்டும்; நெட்டச்சு அதற்குக் குறுக்காக, நேர்கோணத்தில் விழும். பள்ளிக் கணக்கில் மனப்பாடம் செய்து மறந்துபோன நெட்டச்சும் குற்றச்சும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பைக்காகத் திரும்பி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது கண்ணுக்குத் தெரிவதுபோல் ஆழத்தைத் தாளில் காட்டும் முறை, என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தூரத்தில் ஒன்றுசேரும் தண்டவாளம்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்து காட்டியதும், 1435-இல் அறிஞர் ஆல்பெர்ட்டி விதிகளாக எழுதி வைத்ததும் பெரும்பாலும் கட்டடங்களையும் தரைகளையும் மனத்தில் கொண்டவை. கையில் அடங்கும் பொருளை வரைபவனுக்கு நிலைமை சற்று வேறு. அடிப்படை விதி ஒன்றுதான்: தரைக்கு இணையான கோடுகளின் மறைபுள்ளிகள், அதாவது அவை தூரத்தில் ஒன்றுசேர்வதாகத் தெரியும் புள்ளிகள், எல்லாம் பார்ப்பவரின் கண் உயரத்தில் கிடையாக ஓடும் கண்மட்டக் கோட்டில்தான் அமையும். ஆனால் ஒரு கெட்டிலின் மறைபுள்ளிகள் தாளைத் தாண்டி, சில சமயம் மேசையையும் தாண்டி எங்கோ இருக்கும். அவற்றைத் தாளுக்குள் இழுத்துவந்து, அளவுகோலை வைத்து ஒழுங்காகவே வரைந்தேன். கெட்டிலோ பத்து மாடிக் கட்டடம்போல் நின்றது. கோடுகள் எவ்வளவு வேகமாக நெருங்குகின்றன என்பதை வைத்தே கண் பொருளின் அளவை ஊகிக்கிறது. பார்வைக் கூம்பை, அதாவது கண்ணிலிருந்து விரியும் பார்வையின் கோணத்தை, சுமார் 60 பாகைக்குள் அடக்கச் சொல்வதும் இதை ஒட்டியதுதான். அதற்கு வெளியே போனால் கனசதுரத்தின் மூலைகள் இழுபட்டுக் கூர்மையாகிவிடும்.

ஆகவே, மறைபுள்ளி இல்லாமலேயே சரிபார்க்கும் வழி ஒன்று தேவைப்படுகிறது. எனக்குப் பிடித்தமான வழி இது. ஒரு பெட்டியைக் கண்ணளவாக வரைந்து, அதன் ஒரு முகத்துக்குள் நான்கு பக்கங்களையும் அவற்றின் நடுப்புள்ளிகளில் தொடும்படி ஒரு நீள்வட்டத்தைப் போட வேண்டும். நடுப்புள்ளிகளை அளவுகோலால் தேடக் கூடாது. மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்திலிருந்து விளிம்புகளின் போக்கிலேயே கோடிழுத்தால் அவை கிடைக்கும். அந்த நீள்வட்டத்தின் குற்றச்சு, அம்முகத்துக்குச் செங்குத்தாகப் பின்னோக்கிச் செல்லும் விளிம்புகளோடு சேர்ந்து ஒரே புள்ளியை நோக்கிச் சென்றால், நாம் வரைந்த முகம் உண்மையிலேயே சதுரம். விலகினால், அது நமக்குத் தெரியாமலேயே செவ்வகமாகிவிட்டது என்று பொருள். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: வட்டத்தின் மையமும் நீள்வட்டத்தின் மையமும் ஒன்றல்ல. வட்டத்தின் மையம் நெட்டச்சுக்குச் சற்று அப்பால், நம்மிடமிருந்து விலகிய பக்கத்தில் இருக்கும். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கைப்பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கோடிழுப்பது, பேனா தாளைத் தொடுமுன் அதே பாதையில் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்ப்பது, தவறினால் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தேய்க்காமல் அடுத்த கோட்டுக்குப் போவது: இவை தினமும் செய்தால் வந்துவிடும். பென்சிலை விட்டுப் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறியதில்தான் எனக்குப் பெரிய பலன் கிடைத்தது. அழிக்க முடியாது என்று தெரிந்ததும் கை தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடுகிறது; மெல்ல அழுத்தினால் அது பென்சிலைப் போலவே மங்கிய கோடும் தரும்.

கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். மென்பொருள் எடுத்தவுடனே ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும். யோசனை அந்த அளவுக்குக் கனிந்திராத நேரத்தில் அந்தக் கேள்வி இடைஞ்சல்தான். அதைவிட, பொருளைக் கண்ணாடியால் ஆனதாகப் பாவித்து மறைந்திருக்கும் பக்கத்தையும் வரையும் பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. அண்மையில், கீல் வைத்த மூடியும் கைப்பிடியும் கொண்ட ஒரு குடுவையை முன்பக்கத்திலிருந்து வரைந்து, பார்க்க அழகாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். பின்பக்க விளிம்பையும் மெல்லிய கோடாகச் சுற்றி முடித்தபோது, மூடியின் கீல் அமர வேண்டிய இடத்தில் கைப்பிடியின் மேல்நுனி உட்கார்ந்திருந்தது. மூடி பாதிகூடத் திறக்காது. தாளைக் கசக்கவில்லை, அதன்மேல் இன்னொரு மெல்லிய தாளை விரித்து, கைப்பிடியை இரண்டு விரற்கடை கீழே இறக்கி வரையத் தொடங்கினேன்.