பருவக் கடைசிக் கப்பலில் ஒரு புட்டி தேங்காய் எண்ணெய்

திருச்சியில் நாங்கள் குளிரைத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வைத்தே கணக்கிடுவோம். மார்கழி விடியலில் எண்ணெய் உறைந்திருந்தால் குளிர். உறையாவிட்டால் வெறும் பனி. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும் என்பது பின்னாளில் தெரிந்துகொண்ட அறிவியல். ஆகவே, செப்டம்பர் கடைசியில் அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம் என்று சியாட்டிலில் இருக்கும் மகள் சொன்னவுடன், என் மனைவி முதலில் பெட்டியில் வைத்தது அந்த நீலப் புட்டியைத்தான். இரண்டாவதாக வைத்தது உப்பு நார்த்தங்காய். என்னுடைய குரங்குக் குல்லாய்க்கு ஏழாவதோ எட்டாவதோ இடம் கிடைத்தது.

அலாஸ்காவுக்குச் சொகுசுக் கப்பல்கள் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் வரைதான் போகும். ஜூலையில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கேட்கும் பணத்துக்கு, செப்டம்பர் கடைசியில் பால்கனி உள்ள அறையே கிடைக்கிறது என்று மகள் கண்டுபிடித்திருந்தாள். பால்கனியில் நிற்க முடியுமா என்பதை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அமெரிக்க விசா கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். கனடா விசாவும் வேண்டும் என்றாள். அமெரிக்காவில் புறப்பட்டு அமெரிக்காவின் இன்னொரு மாநிலத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்ப, கனடா எதற்கு? வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணிகள் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் பொருட்டுக் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் ஓர் இரவு நிற்கும். அதன் பொருட்டு நான் பத்து விரல்களின் ரேகையையும் கொடுத்தேன்.

ஏறிய அன்றே தெரிந்துவிட்டது, கப்பலில் குழந்தைகளே இல்லை. பள்ளிகள் திறந்துவிட்டதால் வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அறுபத்து நான்கு வயதில் என்னை ஒருவர் ‘இளைஞரே’ என்று அழைத்தது அந்த ஒரு வாரத்தில்தான். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் வெளிப்புறமாக, பசிபிக்கின் திறந்த கடலில் போகின்றன என்பதும், இலையுதிர் காலப் புயல்கள் அங்கே தொடங்கிவிடும் என்பதும் இரண்டாம் நாள் காலையில் என் வயிற்றின் வழியாக எனக்குத் தெரியவந்தன. லிஃப்ட்டுக்கு அருகில் கைப்பிடிக் கம்பிகளில் வெள்ளைக் காகிதப் பைகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தார்கள். முதலில் அதைப் பாப்கார்ன் தருவதற்கான ஏற்பாடு என்று நினைத்தேன். நீச்சல் குளத்துத் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தாவிக்கொண்டிருந்ததால் அதன்மேல் வலை போட்டுவிட்டார்கள். பணியாளர் இஞ்சி மிட்டாயும் பச்சை ஆப்பிளும் தந்தார். மனைவி இரண்டையும் மரியாதையாக வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, நார்த்தங்காயை எடுத்தாள். என் அனுபவத்தில் ஆப்பிளைவிட நார்த்தங்காய் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்குகிறது.

அன்று மாலை, எல்லோரும் கோட்டு சூட்டுடன் வரும் விருந்து. காஞ்சிபுரம் பட்டுக்கு உள்ளே தெர்மல் உடையும், பட்டுக்கு மேலே என்னுடைய ஸ்வெட்டரும் அணிந்து, ஆடும் கப்பலில் என் தோளைப் பிடித்தபடி அவள் நடந்து வந்தபோது, நான்கு பெண்மணிகள் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலை வாருவதற்குத்தான் பெரும்பாடு. அறை வெப்பம் 21 டிகிரி; எண்ணெய் கல்லாகிவிட்டது. புட்டியை இருவருமாகச் சேர்த்துப் பிழிந்ததில் மூடி விரிசல் விட்டது. “விடுங்க, உறைஞ்ச எண்ணெய் எங்க ஒழுகப் போகுது” என்றாள் மனைவி.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகர். ஆனால் வெளியூரிலிருந்து அங்கே செல்லச் சாலையே கிடையாது, விமானம் அல்லது கப்பல்தான். மழை நின்றால் மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கப் போகலாம் என்று காத்திருந்தோம். தென்கிழக்கு அலாஸ்காவில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை மாதங்கள் என்று பேருந்து ஓட்டுநர் சொன்ன பிறகு, காத்திருப்பதை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே போனோம். திமிங்கிலங்கள் ஹவாய்ப் பக்கம் வலசை போகத் தொடங்கும் காலம் அது. எஞ்சியிருந்த ஒன்று, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவரைப் போல வாலை மட்டும் காட்டிவிட்டுப் போயிற்று. ஆனால் பருவக் கடைசிக்கென்றே ஒரு பெருமை உண்டு: கடைகள் எல்லாம் குளிர்காலத்துக்கு மூடப்போகும் நேரம் என்பதால் பாதி விலை, பாதிக்கும் பாதி விலை. மழையும் குளிரும் தாங்கும் ஜாக்கெட்டுகள் நான்கு வாங்கினோம். திருச்சியில் அவற்றை எங்கே அணிவீர்கள் என்று கேட்பவர்கள், எழுபது சதவீதத் தள்ளுபடிப் பலகையை நேரில் பார்த்திராதவர்கள். நகைக் கடைக்காரர் ஒருவர் இந்தியில் வரவேற்று, அடுத்த மாதம் கப்பல்களைத் தொடர்ந்து கரீபியனுக்குக் கடையை மாற்றப் போவதாகச் சொன்னார். மனைவி சவரன் விலையைக் கேட்டாள். அவர் வைரத்தைக் காட்டினார். உரையாடல் அத்துடன் முடிந்தது.

ஸ்காக்வேயில் மலை ரயில். நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899இல் ஓடத் தொடங்கியது. இந்த வைட் பாஸ் பாதையை 1898இல் தொடங்கி 1900இல் முடித்திருக்கிறார்கள். கீழே மழை, உச்சியில் பனி. ஊட்டிக்குப் போகும் நினைப்பில் ஜன்னலைத் திறந்த என்னை எதிர் இருக்கைக்காரர் பார்த்த பார்வையில் மேலும் இரண்டு டிகிரி குறைந்தது. தங்கம் தேடிக் கனடாவின் யூகானுக்குப் போனவர்களில் பலர் இந்த வைட் பாஸ் கணவாய் வழியாகத்தான் ஏறியிருக்கிறார்கள். ஓராண்டுக்கான உணவும் தளவாடமும், ஏறத்தாழ ஒரு டன், கையில் இல்லாமல் யாரையும் எல்லைக்குள் விடமாட்டோம் என்று கனடாக் காவல் படையினர் நிபந்தனை விதித்திருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, மகள் அம்மாவின் பெட்டிகளை நினைத்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளேசியர் பே வளைகுடாவை அடைந்த அன்று காலை, பால்கனிக்கு முதன்முறையாகப் பயன் கிடைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அந்த வளைகுடாவுக்குள் விடுவதில்லை. தேசியப் பூங்காவின் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏணி வழியாக ஏறி, ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். 1794இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது வளைகுடாவின் வாயிலுக்கு அருகிலேயே பனிச்சுவர் நின்றதாம். 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்து பார்க்கையில் அது நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே பின்வாங்கியிருந்ததாம். இவற்றையெல்லாம் இரண்டு சால்வை, ஒரு ஜாக்கெட், குரங்குக் குல்லாய் ஆகியவற்றின் வழியாகக் கேட்டேன். வார்த்தைகள் சில விடுபட்டிருக்கலாம். மார்ஜரி பனியாற்றின் முன்னே கப்பல் இயந்திரத்தை அடக்கிக்கொண்டு மெல்லச் சுழன்றது. நீலம் துவைத்த வேட்டி போன்ற அந்த நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கைபேசியை எடுத்தேன், கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. கையுறையைக் கழற்றினேன், விரல் அசையவில்லை. ஒருவழியாகக் கேமராவைத் திறந்தபோது, நாற்பது சதவீதம் இருந்த பேட்டரி குளிரில் அப்படியே அணைந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து வீடளவு பனிக்கட்டி ஒன்று சரிந்து கடலில் விழ, சற்றுப் பொறுத்து இடியோசை வந்து சேர்ந்தது. அது விழுவதை நான் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஒன்றரை மணிக்குத் துருவ ஒளி தெரிவதாக அறிவித்தார்கள். கோடையில் வானம் முழுதாக இருட்டாது என்பதால் இது பருவக் கடைசியில் போகிறவர்களுக்கே வாய்க்கும் பேறு. மேல்தளத்தில் முந்நூறு பேர் போர்வைகளோடு நின்று அண்ணாந்து பார்த்தோம். எனக்குத் தெரிந்தது, துவைத்துத் தொங்கவிட்ட பழைய துண்டைப் போன்ற சாம்பல் நிற மேகம். அதே மேகத்தை மகளின் கைபேசி பச்சைப் பசேலென்று காட்டியது. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமரா நேரமெடுத்து ஒளியைச் சேர்த்துக்கொள்ளும் என்றாள். “இதை ரூம்ல படுத்துக்கிட்டே போன்ல பார்த்திருக்கலாமே” என்றாள் மனைவி. முந்நூறு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே என்பது நல்லதாகப் போயிற்று.

கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும், சென்னையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் எங்கள் பங்கை அன்றே பெய்து தீர்த்துவிட்டார்கள். முட்டையிட்டு உயிர்விட்ட சால்மன் மீன்கள் ஓடையெங்கும் கிடந்தன. அந்த மணத்தை விளம்பரப் படங்களில் சேர்ப்பதில்லை. விக்டோரியாவில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கி, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகப் பதினைந்து நிமிடம் கனடாவில் நின்றுவிட்டு ஏறிக்கொண்டோம்.

அக்டோபர் முதல் வாரம் திருச்சிக்கு வந்து சேர்ந்தோம். வெயில் 35 டிகிரி. களைப்பில் பெட்டிகளைக் கூடத்திலேயே போட்டுவிட்டுத் தூங்கி, மறுநாள் மாலைதான் திறந்தோம். சியாட்டில் வீட்டிலும் விமானத்தின் வயிற்றிலும் கல்லாகவே இருந்த தேங்காய் எண்ணெய், சொந்த ஊர் வந்ததும் இளகி, விரிசல் விட்ட மூடி வழியாக இறங்கி, எழுபது சதவீதத் தள்ளுபடி ஜாக்கெட்டுகள் நான்கையும் முழுமையாக நனைத்திருந்தது. நான்கிலும் உட்புறத்தில் ‘நீர் புகாது’ என்று எழுதியிருந்தது. எண்ணெயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.