இரட்டை ஊசிக் காந்தங்காட்டி: டர்பனில் கட்டிப் பார்த்த அனுபவம்

கைப்பை மூடியின் தோலுக்குள் தைத்து மறைத்திருந்த பொத்தான் காந்தத்தை, ஒரு சாணுக்கு அப்பாலிருந்தே, நூலில் தொங்கும் என் இரட்டைக் காந்த ஊசி திரும்பிக் காட்டிக் கொடுத்துவிட்டது. பெரியம்மாவுக்கு இதயமுடுக்கி பொருத்தியிருக்கிறார்கள். வலுவான காந்தம் எதுவும் அதற்கு 15 சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது என்பதால், கைப்பேசி உறை, காதொலிப்பான் பெட்டி, அலமாரிக் கதவு என வீட்டில் எங்கெல்லாம் காந்தம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்காகவே இந்த வேலையில் இறங்கினேன்.

காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் 49ஈ ஹால் உணரியை மல்டிமீட்டருடன் இணைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் எல்லை தெரியும். ஒரு காஸ் (காந்தப்புல அலகு) புலத்துக்கு அது தருவது ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் மாற்றமே. ஆகவே காந்தத்தை ஒட்டி வைத்தால் எந்த முனை என்று துல்லியமாகச் சொல்லும், தூரத்திலிருந்து தேட உதவாது. பச்சை நிறக் காந்தப்புலத் தாளும் அப்படித்தான்: முனை இருக்கும் இடம் கருமையாகவும், புலம் தாளுக்கு இணையாக ஓடும் இடம் வெளிர்ந்தும் அழகாகத் தெரியும், ஆனால் காந்தத்தின் மேலேயே அதைப் பரப்ப வேண்டும். தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடுவதால், தேடும் கருவிக்கு உணரும் கூர்மைதான் எல்லாம்.

நூலில் தொங்கும் ஒற்றைக் காந்த ஊசி இவற்றைவிட மேலானது, ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சென்னையில் புவிக்காந்தப் புலம் பெரும்பாலும் கிடையாக ஓடுகிறது. இங்கோ அது 60 பாகைக்கு மேல் சரிந்திருப்பதால், சரியாக நடுவில் கட்டிய ஊசியும் தென்முனையைக் கீழே போட்டுச் சாய்ந்துவிடுகிறது. வடபாதியில் துளி மெழுகு ஒட்டி நிமிர்த்தலாம் என்றாலும், வடக்கைப் பார்த்து நிற்கும் பிடிவாதம் அதனால் போகாது.

இரண்டுக்கும் ஒரே மருந்து, 1825இல் இத்தாலியரான நோபிலி தம் மின்னோட்டங்காட்டியில் கையாண்ட இணை ஊசிதான். தென்னை ஈர்க்கு ஒன்றின் மேலும் கீழும், ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில், முனைகள் எதிரெதிராக இருக்கும்படி காந்தமேற்றிய இரண்டு தையல் ஊசிகளைக் குத்தினால், புவிப்புலம் ஒன்றைத் திருப்பும் விசையை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது, சாய்வும் சேர்ந்தே மறைகிறது. அருகிலுள்ள காந்தமோ கீழ் ஊசியையே அதிகமாகப் பற்றுவதால், அது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இதில் உயிரை வாங்குவது இரு ஊசிகளின் வலுவையும் சமப்படுத்துவதுதான். ஒரே காந்தத்தால், ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் தேய்த்தாலும் இரண்டும் சமமாவதில்லை. ஊசிகளைத் தனித்தனியே தொங்கவிட்டு அவற்றின் ஆட்டத்தைப் பார்த்தால் வேகமாக ஆடுவது வலியது என்று தெரியும். அதன் வடமுனையை மற்றொரு காந்தத்தின் வடமுனைக்கு எதிரே தொலைவிலிருந்து மெல்ல மெல்ல நெருக்கி, விலக்கி, மீண்டும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை கூடுதலாக நெருங்கினாலும் வலு தேவைக்கு மேல் குறைந்து, பழைய கதை தலைகீழாகத் தொடங்கும். பொறுமையின்றி இது கைகூடாது என்று உறுதியாகச் சொல்வேன். ஈர்க்கில் சேர்த்த பிறகு இணையின் ஆட்டம் எவ்வளவு சோம்பலாகிறதோ அவ்வளவு நல்லது. நன்றாகச் சமமான இணை வடக்கு தெற்காக நிற்பதை விட்டுக் காந்தக் கிழக்கு மேற்காக நிற்கத் தொடங்கும். ஊசிகள் ஒரே தளத்தில் மிகச் சரியாக அமையாததால் எஞ்சும் சிறு விசையின் வேலை அது. எனக்கு அதுவே வெற்றியின் அடையாளமாக இருந்தது.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்கிறது, டர்பன் கோடையில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பட்டுச் சேலையின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, அதிலிருந்தும் ஒற்றை நாரைப் பிரித்தெடுத்தபோதுதான் முறுக்கு அடங்கியது. கிரே தெருப் பக்கத்துச் சேலைக் கடைகளில் கேட்டால் வெட்டி எறியும் குஞ்சத் துண்டுகளை இலவசமாகவே தருகிறார்கள். ஊசி வாங்கும்போது கெட்டியான எஃகு ஊசியையே தேர்ந்தெடுங்கள். மெல்லியதை எளிதில் வளைக்க முடிந்தால் அது காந்தத்தையும் தக்கவைப்பதில்லை.

கேப் டவுனில் இருந்த காந்த ஆய்வகம், புறநகர் ரயில்கள் மின்மயமானதால் அளவீடுகள் கெட்டு, 1941இல் ஹெர்மனஸ் என்ற கடலோர ஊருக்கு இடம் மாறியது. என் சமையலறை மேசையில் குளிர்பெட்டிக் கதவின் காந்தப் பட்டையே அந்தத் தொல்லையைத் தருவதால், ஊறுகாய்ச் சாடிக்குள் அமைத்த கருவியைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, தேட வேண்டிய பொருள்களை அங்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

ஊசி அடங்குவதற்கு நெடுநேரம் ஆகிறது. கீழ் ஊசிக்கு அடியில் தடித்த செப்புத் தகடு வைத்தால், ஆடும் ஊசி தகட்டில் எழுப்பும் சுழல் மின்னோட்டம் அதை அடக்கும் என்பதால், பழைய இரும்புக் கடையில் தகடு தேடிக்கொண்டிருக்கிறேன். பாகை குறித்த வட்டத் தாளை இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் மனம் மின்சுருள் சுற்றிய புலமானி ஒன்றின் பக்கம் போய்விட்டது. முதலில் தாளை ஒட்டி முடித்து, பெரியம்மா வீட்டு அலமாரிகளிலிருந்து சோதனையைத் தொடங்குவேன்.