‘வரை’ என்ற சொல்லை ஏழு நாள் அளந்தபோது

இணையப் பக்கேஜ் விளம்பரத்தில் வேகம் 50 எம்பிபிஎஸ் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக ‘வரை’ என்று இருக்கும். பிரச்சினை முழுக்க அந்தச் சொல்லில்தான். “நெட் வேகமில்லை” என்று வாயால் சொன்னால், “ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ” என்பதோடு கதை முடிந்துவிடும். எண்களை எழுதிக் கொடுத்தால் அப்படி முடிக்க ஏலாது. இலங்கையின் வடக்கே விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு 4ஜி இணைப்பை அளந்து முறைப்பாடு கொடுத்த முறை இது.

முதலில் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது செக்கனுக்கு இத்தனை மெகாபிட். படம் தரவிறங்கும்போது திரையில் பெரும்பாலும் தெரிவது பைட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் பிரித்தால் 50 எம்பிபிஎஸ் என்பது செக்கனுக்கு 6.25 மெகாபைட். இந்தக் கணக்குப் பிழைத்தால் முறைப்பாடு முதல் வரியிலேயே விழுந்துவிடும். மாதக் கோட்டா முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, வீட்டுக்குள் உள்ள பிழையைக் கழிப்பது. வைஃபையில் அளந்த எண்ணை நம்பக்கூடாது. சுவர் ஒன்று குறுக்கே வந்தாலே குறைந்துவிடும். மற்றப் போன்களையும் ரிவியையும் கழற்றிவிட்டு, லப்டொப்பை வயரால் ரவுட்டரில் நேரே கொழுவி அளக்க வேண்டும். வயரும் ஏமாற்றும். உள்ளே உள்ள எட்டுக் கம்பியில் நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒன்று விட்டுப்போனால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி ஓடும். வேகச் சோதனை 94, 95இல் முட்டி நிற்கும். 300 எம்பிபிஎஸ் பைபர் எடுத்து 94 காண்பவர்கள் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள்.

4ஜியில் பெரிய எதிரி சிக்னலை மறைக்கும் தகரக் கூரை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் கிடைக்கும். முதலாவது சிக்னலின் பலம், சைபருக்குக் கிட்ட வரவர நல்லது. இரண்டாவது அதன் சுத்தம், கூடக்கூட நல்லது. ரிவி மேசையில் −113, 2 என்று இருந்தது. அதே ரவுட்டரை வடக்கு யன்னல் கட்டில் வைத்தபோது −97, 11. வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இரண்டு இடங்களில் பலம் ஏறக்குறையச் சமமென்றால் எஸ்ஐஎன்ஆர் கூடிய இடத்தையே எடுக்க வேண்டும்.

கூரைக்கு மேல் அன்டெனா பூட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அன்டெனாவிலிருந்து ரவுட்டருக்கு வரும் மெல்லிய கோஅக்ஸ் வயர் 10 மீற்றர் ஓடினால், உயரத்தில் பிடித்த சிக்னலின் பலத்தில் 8 முதல் 10 டெசிபெல் வயரிலேயே போய்விடும். வெளியில் பூட்டும் வகை ரவுட்டரையே கம்பத்தில் ஏற்றி ஈதர்நெட் வயரை வீட்டுக்குள் இறக்குவது நல்லது. இடி முழங்கும் பின்னேரங்களில் அந்த வயரைக் கழற்றிவிட மறக்கக்கூடாது.

இனி அளவை. ஏழு நாள், காலை 6 மணி, பின்னேரம் 3 மணி, இரவு 8.30. ஒவ்வொரு முறையும் வேகச் சோதனைத் தளத்தில் கொழும்புச் சேவருக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று. கொழும்பில் உள்ளது இணைப்புத் தரும் கொம்பனியின் சொந்தச் சேவராக இருந்தால் நாட்டுக்கு வெளியே போகும் பாதையின் நெரிசல் அதில் தெரியாது. 20 எம்பிபிஎஸ் ஓடும் இணைப்பில் ஒரு சோதனை 40 மெகாபைட் அளவில் தின்னும். 42 சோதனைக்கு ஒன்றரை ஜிபிக்கு மேல் ஒதுக்கி வையுங்கள்.

வேகத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்துச் சிக்னல் எண்களையும் எழுதியதுதான் கடைசியில் கைகொடுத்தது. காலையில் 38 எம்பிபிஎஸ், இரவில் 4. ஆனால் ஆர்எஸ்ஆர்பி இரண்டு நேரமும் −97ஐ விட்டு அசையவில்லை. வீட்டில் பிழையென்றால் காலையிலும் குறைந்திருக்க வேண்டும். சிக்னல் தரும் கோபுரமான ரவரில் ஆட்கள் கூடும் நேரத்து நெரிசல் இது.

அட்டவணையை ஒரு தாளில் போட்டு மின்னஞ்சலில் அனுப்பி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இலக்கம் இல்லாத முறைப்பாடு பின்னர் கணக்கில் வராது. பதில் திருப்தியில்லை என்றால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அதே தாளோடு போகலாம். 1900 அழைப்பு இலக்கம். கொம்பனியிடம் முதலில் முறையிட்டதற்கான அத்தாட்சி கையில் இருக்கட்டும்.

இங்கே ஆணைக்குழு வரை போக வேண்டி வரவில்லை. இரவில் ரவர் நெரிசல் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். எப்போது சரியாகும் என்று திகதி தரவில்லை. குறைந்த கட்டணப் பக்கேஜுக்கு மாற்றித் தந்தார்கள். இரவு வேகம் அதே 4தான்.

புதிதாக எடுக்க இருப்பவர்கள் அயல்வீட்டில் அதே பக்கேஜ் ஓடும் ரவுட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி, இரவு 8.30க்கு உங்கள் யன்னலில் வைத்து அளந்து பாருங்கள். போன் சிம்மில் பார்ப்பது போதாது. ஒரே கொம்பனி என்றாலும் போனுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் ஒரே அலைவரிசை கிடைக்குமென்றில்லை.