அந்தியேட்டிக்கு ஏழு நாள், கொம்பியூட்டர் எழும்பவில்லை

கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கோயில் சுவர்தான் நினைவுக்கு வரும். ஈழத்தமிழர் எங்களுக்கு அது, ஒருவர் இறந்த 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, பஞ்சபுராணப் பாடல்கள், கடைசியில் நன்றி நவிலல். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி பதினாறு வருடமாக நான் செய்யும் வேலை இதுதான். கல்யாண அழைப்பிதழ் ஒரு நாள் பிந்தினால் கோபிப்பார்கள், பிறகு சரியாகிவிடும். 31 என்பது 31தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கையில் இருந்தது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கல்வெட்டு. அடுத்த ஞாயிறு அந்தியேட்டி, வியாழன் காலை கொட்டாஞ்சேனையில் உள்ள அச்சகத்துக்குப் பிடிஎப் போக வேண்டும். நன்றி நவிலல் எழுதி அனுப்புவதாக அவரின் மகள் சொல்லியிருந்தார், அது வரும்வரை வேலை இல்லை. என் கொம்பியூட்டரை இயக்கும் சிஸ்டம் உபுண்டு. அதன் 22.04 பதிப்பை 24.04க்கு மாற்றச் சொல்லி மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சரி, இன்றைக்குச் செய்துவிடலாம் என்று ஒன்பது மணிபோல் தொடங்கினேன். முடிக்காத வேலை ஒன்று அதே கொம்பியூட்டரில் இருக்கும்போது தொடங்கியிருக்கக் கூடாது.

பதினொரு மணி கழிந்திருக்கும். இறக்கம் எல்லாம் முடிந்து, புதிய மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. அன்று கொழும்பு மட்டுமில்லை, முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதாகப் பிறகு செய்தியில் பார்த்தேன்.

என் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். இந்த இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. அப்கிரேட் பாதியில் இருக்கும்போது நாமாக நிறுத்தினாலும் பிழை, அதுவாக நின்றாலும் பிழை. மொனிற்றரை நிறுத்தினால் இன்னும் இரண்டு நிமிடம் கிடைக்கும் என்று அதை அணைத்தேன். இருட்டில் கேஸில் உள்ள சின்ன விளக்கு துடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யூபிஎஸ் விடாமல் ஒரே சத்தமாகக் கத்தியது, அப்புறம் விளக்கும் அணைந்தது.

பின்னேரம் கரண்ட் வந்ததும் போட்டேன். உபுண்டுவின் தொடக்கப் பட்டியல் வந்தது, கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடின, கேர்னல் பேனிக் என்று அப்படியே உறைந்துவிட்டது. கேர்னல் என்பது சிஸ்டத்தின் மையப் பகுதி. வட்டின், அதாவது ஹார்ட் டிஸ்க்கின், மூலப் பகுதியை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் பொருள். அதைப் பார்த்தவுடன் வட்டே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். புதிய கேர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் அது எழும்பும்போது வட்டைப் படிக்கத் தேவையான சிறு தொகுப்பு ஒன்று கடைசிக் கட்டத்தில்தான் உருவாகும். அதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்தேன், மீட்பு நிலைக்குப் போனது. பாதியில் நின்ற பொதிகளை ஒழுங்குபடுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு பொதி இன்னொன்றைக் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது. கடைசியில் டெஸ்க்டொப்பையே நீக்கட்டுமா என்றது. அங்கே நிறுத்தினேன். பாதி 2022, பாதி 2024 என்று இருக்கிற ஒன்றை எப்படியாவது எழுப்பிவிட்டாலும் அதை நம்பி வேலை செய்ய என்னால் முடியாது.

இரவு மகள் அழைத்தார். “அக்கா, அம்மாவின்ர அந்தப் பழைய படம் பத்திரமா இருக்கு என்ன? அண்ணா ஒரிஜினலைக் கனடாவுக்குக் கொண்டு போயிட்டார்.”

“இருக்கு பிள்ளை, யோசிக்காதேங்கோ” என்றேன். படத்தின் ஸ்கேன் அந்த வட்டில் மட்டும்தான் இருந்தது. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

தெகிவளையில் இருக்கும் சித்தியின் மகன்தான் உதவினான். 24.04 கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. இரவு டேட்டாவில் இறக்கி, கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, திங்கள் வேலை முடிந்து 101 பஸ்ஸில் கொண்டுவந்து தந்தான். திங்களும் செவ்வாயும் பிற்பகலுக்குப் பிறகு ஒன்றரை மணி நேர மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். இன்னொரு முறை பாதியில் நிற்க விடமாட்டேன் என்று செவ்வாய் காலைக்குத் தள்ளிப்போட்டேன். அன்று தைப்பூசம். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போகாத முதல் தைப்பூசம் அது.

பென்டிரைவிலிருந்து எழுப்பி, நிறுவாமல் பரீட்சித்துப் பார்க்கும் நிலையில் வைத்துக்கொண்டு, முதலில் என் கோப்புறைகளை வெளி வட்டுக்கு மாற்றினேன். படம் இருந்தது. வம்சாவளி இருந்தது. வட்டை அழிக்கப் போகும் நேரத்தில்தான் பாமினி நினைவுக்கு வந்தது.

எங்கள் பெரியவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். அது யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். நானாகப் போட்ட எழுத்துருக்கள் எல்லாம் மறைந்த கோப்புறை ஒன்றில் இருக்கின்றன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாது, நான் தெரிவுசெய்து மாற்றியவற்றில் அது சேரவில்லை. கொன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினேன், மங்கலாக ஒரு வரிசையே எழுந்து வந்தது. உள்ளே பாமினி, கூடவே இனி எங்கே தேடுவது என்று தெரியாத ஏழெட்டுப் பழைய தலைப்பு எழுத்துருக்கள். இதைப் படிக்கிற தட்டச்சுக்காரர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

நிறுவுவது அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. இம்முறை வட்டை நானே பிரித்தேன்: சிஸ்டத்துக்கு 60 ஜிபி, மீதி முழுவதும் என் கோப்புகளுக்குத் தனியாக. இனி சிஸ்டம் போனால் அந்த 60ஐ மட்டும் அழித்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாம். அப்புறம் ரெங்கநாதன் விசைப்பலகையைச் சேர்த்தேன். தட்டெழுத்து இயந்திரத்தில் பழகிய விரல், வேறு எதிலும் ஓடாது.

எழுத்துருக்களைப் பழைய இடத்தில் வைத்து, லிப்ரே ஒபிஸில் கோப்பைத் திறந்தேன். மேலே, நடுவில், “சிவமயம்” என்று வந்தது. அதற்குக் கீழே ரீச்சரின் படம், ஒற்றைப் பின்னலும் கழுத்துப் பட்டியில்லாத சட்டையும், கலாசாலையில் இருந்த காலத்தில் எடுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன் இரவு மகள் வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். வம்சாவளியில் கடைசிப் பேத்தியின் பெயர் விடுபட்டிருந்தது. அதற்கு இடம் விட, மற்றப் பெட்டிகளை எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குப் பிடிஎப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினோம்.