ஒட்டக மண்டையோடும் ஒத்துவராத ஒரு துளையும்

கலப்பின ஒட்டகத்தின் மண்டையோட்டில் இட வல வேறுபாடு பெற்றோரைவிடக் கூடுதலா, குறைவா? விடை இன்னும் அகப்படவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

வடிவ ஒப்பீட்டில் தொல்லையே இல்லை. மண்டைகளில் வைத்த அடையாளப் புள்ளிகளை, பருமனும் நிலையும் நீக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் புரோக்ரஸ்டஸ் பொருத்தம் முடிந்ததும் ஒற்றைத் திமில் ஒரு பக்கம், இரட்டைத் திமில் மறுபக்கம், இரண்டின் கலப்பான துலு நடுவில். பருமனில் மட்டும் துலு நடுவில் நிற்க மறுக்கிறது. முதல் தலைமுறைக் கலப்பு பெற்றோரை விஞ்சி வளரும் என்பது துருக்கியிலும் கசகஸ்தானிலும் ஒட்டகம் வளர்ப்பவர்களுக்குப் பழைய செய்தி.

என் உயிரை வாங்கியது கண்குழிக்குக் கீழே, மேல்தாடையில் நரம்பு வெளிவரும் துளை. முப்பரிமாண மாதிரியைத் தந்தவர்கள் ஓட்டைகளைத் தானாக அடைக்கும் வசதியை முடுக்கிவிட்டே கோப்பைச் சேமித்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த பக்கத்தில் துளையின் விளிம்பு மெழுகாக உருகிக் கிடக்கிறது. அதில் புள்ளி வைத்தால் எந்த மண்டையும் கோணல்தான்! அடைக்காத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதும் எல்லா மண்டைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சந்தேகம் என் வலது கை மேல் விழுந்தது. மாதிரியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, எது அசல், எது பிம்பம் என்று தெரியாதபடி கோப்புப் பெயர்களைக் கலைத்துப்போட்டு மறுபடியும் புள்ளிகள் வைத்தேன். சாய்வு பெருமளவு மறைந்தது. இந்தத் தந்திரத்துக்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். ஒரே மண்டையை இருமுறை குறிக்காமல் சமச்சீரின்மை பற்றிப் பேசுபவர்களை இனி நம்புவதாக இல்லை.

எஞ்சியிருக்கும் வேறுபாடு கைப்பிழையின் அளவுக்கே இருக்கிறது. கலப்பின மண்டைகளும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இரு மரபணுத் தொகுதிகள் மோதினால் வளர்ச்சி தடுமாறி, இட வல வேறுபாடு கூடலாம். கலப்பு வீரியம் வளர்ச்சியை நிலைப்படுத்தினால் குறையலாம். இரு இனங்களுக்கும் 74 குரோமோசோம்கள், கலப்பினமும் குட்டி ஈனும். ஆகவே என் பந்தயம் குறையும் என்பதன் மேல்.

ஆஸ்திரியாவின் டுல்ன் நகரில் கிடைத்த, 1683இல் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்ட காலத்து ஒட்டகத்தின் முழு எலும்புக்கூடு நினைவிருக்கும். தாய்வழி ஒற்றைத் திமில், தந்தைவழி இரட்டைத் திமில் என்று மரபணு ஆய்வு காட்டியது. 2015இல் வெளியான அந்தக் கட்டுரையின் எலும்பு அளவுகளை என் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

இதற்கிடையே கீழ்த்தாடையில் இறங்கிவிட்டேன். மாடு போலன்றி ஒட்டகம் இடமும் வலமும் மாற்றி மாற்றி அசைபோடும். ஒருபக்கத் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது என்று நம்புகிறேன். இரண்டு பாதிகளையும் தனித்தனியே ஒப்பிட மார்ஃபோஜே என்ற வடிவ ஆய்வு மென்பொருளில் கோப்பு தயார். பழைய கோப்புகளில் இன்னும் நான்கு துளைகள் அடைபட்டே கிடக்கின்றன.